முதுகுச் சுழி

நான் யாரையும் லேசுல நம்புற ஆள் இல்ல. ரேஷன் கடையில தராசு முள்ளு ஆடி நிக்காம பையை நீட்ட மாட்டேன். ஓட்டு கேட்டு வர்றவங்க கும்பிட்டா, அந்தக் கை அடுத்து எங்க போகுதுன்னு பார்ப்பேன். ரெண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டுச்சு, மேட்டூர் தண்ணி மட்டும் வரவேண்டிய நாளுக்கு ஒரு தடவையும் எங்க கடைமடைக்கு வந்ததில்ல. "உனக்கு உன் நிழலைக் கண்டாலும் சந்தேகம்"னு என் வீட்டுக்காரர் சொல்வாரு. சொல்லிட்டுப் போகட்டும். சந்தேகப்படாத சனங்களோட நிலமெல்லாம் யாரு கைக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துல எங்க ஊர். என் மாமனார் பண்ணையாளா இருந்தவர். பண்ணையார் எதுக்க வந்தா 'ஆண்டே'ன்னு சொல்லித் தோள் துண்டை இறக்கி இடுப்புல கட்டணும். கொடி புடிச்சு, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி, எங்க காலத்துல அந்த 'ஆண்டே' 'ஐயா' ஆச்சு. அதே பண்ணையோட நிலத்தை என் வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்து உழுதாரு. அந்தக் குத்தகை தாசில்தார் ஆபீஸ்ல அவர் பேருக்குப் பதிவும் ஆச்சு. பதிவாயிட்டா லேசுல கிளப்ப முடியாது. கிளப்பணும்னா, இவங்க ஒழுங்கா சாகுபடி பண்ணலன்னு காட்டணும். அதைக் காட்டத்தான் பண்ணையார் கேஸ் போட்டிருந்தாரு. வாய்தா மேல வாய்தா.

மாமனார் செத்து, அஸ்தி கரைக்க நாங்க எல்லாரும் கோடியக்கரைக்குப் போன அன்னிக்கு, நாத்து விட்டிருந்த வயல்ல யாரோ டிராக்டரை விட்டு உழுதுட்டாங்க. வந்து பார்த்தா முளைச்ச நாத்தெல்லாம் சேத்துக்குள்ள கிடக்கு. "டிரைவர் வயல் தெரியாம இறங்கிட்டான்"னாரு பண்ணையார். தெரியாம இறங்கினவன் நாலு வரப்பைத் தாண்டி சரியா எங்க வயலுக்கு எப்படிடா வந்தான்? அன்னியிலேருந்து கல்யாணமோ சாவோ, எங்க வீட்டுல ஒரு ஆள் வயல்ல இருந்தே ஆகணும்னு ஆகிப்போச்சு.

இப்ப என் மகளைப் பத்திச் சொல்லணும். எனக்கு ஒரே பொண்ணு. பொறந்தப்பவே நடு முதுகுக்குக் கீழ, இடுப்பு முடியிற இடத்துல, ஒரு கொத்து முடி. சுருண்டு ஒரு பக்கமா வளைஞ்சு நிக்கும். தொட்டா பூனைக்குட்டி மாதிரி மெத்துனு இருக்கும். மத்த ஊர்க்காரங்களா இருந்தா என்னான்னு நினைச்சிருப்பாங்களோ. என் வீட்டுக்காரர் மாட்டுக்குச் சுழி பார்க்கிறவரு. சந்தையில மாடு வாங்கப் போனா சுத்துப்பட்டு சனமெல்லாம் அவரைத்தான் கூட்டிட்டுப் போகும். நெத்தியில சுழி, முதுகுல சுழி, எது குடும்பத்தை வாழவைக்கும், எது பாடை கட்டும்னு விரலை வச்சு சொல்லிடுவாரு. குழந்தையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டு, "ஏ புள்ள, இது லட்சுமி சுழி"ன்னாரு.

அதுக்கேத்த மாதிரி அந்த வருசமே குத்தகைப் பதிவும் ஆச்சு. அவ்வளவுதான். சுழிக்காரி வந்தா, நிலம் வந்துச்சுன்னு ஊரே பேசுச்சு. குலதெய்வத்துக்கு முடி இறக்கினப்ப, தலையை மழிச்ச கையோட முதுகுப் பக்கம் கத்தியைக் கொண்டு போன நாவிதரோட மணிக்கட்டை இவரு புடிச்சாரு பாருங்க, அவருக்கு ரத்தம் கட்டிப் போச்சு. எனக்கும் அப்ப உள்ளுக்குள்ள பெருமைதான். என் பொண்ணுல்ல!

பள்ளிக்கூடம் போற வயசு வந்துச்சு. பாவாடையை நனைச்சுக்கிட்டே இருந்தா. முதல்ல சோம்பேறித்தனம்னு திட்டினேன். அப்பறம் பயம்னு நினைச்சேன். மத்த பிள்ளைங்க பக்கத்துல உக்காராம மூக்கைப் பொத்துதுன்னு அழுதுக்கிட்டு வந்தா. "வரும்போது சொல்லித் தொலையேன்டி"ன்னா, "வர்றதே தெரியலம்மா"ன்னு சொல்வா. அதை நான் நம்பல. ஒண்ணுக்கு வர்றது ஒரு மனுசிக்குத் தெரியாம இருக்குமா?

அப்பறம் பண்ணையார் மேல சந்தேகம் வந்துச்சு. செய்வினை வச்சுட்டாருன்னு நினைச்சு, அடுப்படியையும் வாசப்படியையும் தோண்டிப் பார்த்தேன். ஒரு ஓட்டைப் பித்தளைக் கரண்டிதான் கிடைச்சுச்சு. அதையும் நல்லா உத்துப் பார்த்துட்டுதான் தூக்கிப் போட்டேன்.

ஒருநாள் வாய்க்கால்ல குளிச்சுட்டு வந்தவ நடந்த வழியெல்லாம் ரத்தம். உள்ளங்காலுல நத்தை ஓடு கிழிச்சு, ஒரு துண்டு உள்ளேயே நிக்குது. அவ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு வந்து சோறு போடுங்கிறா. நான் புடுங்குறேன், அவ வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு இருக்கா. "வலிக்கலையாடி?"ன்னேன். "எது?"ன்னு கேட்டா. சோம்பேறித்தனம்னு திட்டினோமேன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.

பக்கத்து வயல்காரரை ஒருநாள் காவலுக்கு நிறுத்திட்டு, மறுநாளே ரெண்டு பேருமா தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். பெரியாஸ்பத்திரியில எங்கெங்கேயோ அனுப்பி, கடைசியா மூளைக்கும் நரம்புக்கும் பார்க்கிற டாக்டர்கிட்ட போய் நின்னோம். வயசு கம்மி. பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரல. மீசையே இப்பத்தான் முளைச்ச மாதிரி இருக்கு. காலைக் காட்டினா, கால்ல ரெண்டு தட்டு தட்டிட்டு, "சட்டையைத் தூக்கும்மா, முதுகைப் பார்க்கணும்"ங்கிறாரு. காலுக்கு வந்தவகிட்ட முதுகை எதுக்குப் பார்க்கணும்? எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா அந்த முடிக்கொத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறுச்சு பாருங்க, அது நடிப்பு இல்ல.

ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்துல மாட்டிச் சொன்னாரு. முதுகெலும்புக்குள்ள ஒரு நரம்புத் தண்டு இறங்குதாம். எல்லாருக்கும் அது கீழ்முனையில ஒட்டாம தளர்வா இருக்குமாம். இவளுக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. உடம்பு வளர வளர எலும்பு நீளுது, ஒட்டின தண்டு மேல வர முடியாம இழுபட்டுச் சாகுது. கன்னுக்குட்டியா இருக்கப்ப கழுத்துல கட்டின கயித்தை மாத்தாம விட்டா, கழுத்து பெருக்கப் பெருக்க இறுகுமே, அந்த மாதிரின்னு நானே புரிஞ்சுக்கிட்டேன். முதுகைத் திறந்து ஒட்டிக்கிட்டு இருக்கிறதை விடுவிக்கணும். வெளியில தெரியிற முடி, உள்ள கோளாறு இருக்குங்கிறதுக்கு அடையாளம்னாரு.

"பண்ணா சரியாயிடுமா?"ன்னேன்.

"இருக்கிறதைக் காப்பாத்தத்தாம்மா ஆபரேஷன். போனது திரும்பும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்குத் திரும்புது. தள்ளிப் போடப் போட, கால் போகும். சிறுநீரகமும் கெடும்."

ஆகும்னு சொன்னா நம்பாத நான், ஆகும்னு சொல்ல மாட்டேன்னவரை என்ன பண்றது? பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசல. பஸ்ஸுல வர்றப்பவும் பேசல. கவலை போலன்னு விட்டுட்டேன்.

ஊருக்குள்ள சேதி பரவி, பண்ணையாரே எங்க தெருமுனை வரைக்கும் கார்ல வந்தாரு. "என்னம்மா, புள்ளைக்கு ஆபரேஷனாமே? கார் தர்றேன், ரெண்டு பேருமா கூட்டிட்டுப் போங்க. முடிச்சுட்டு நிதானமா வாங்க." ரெண்டு பேருமா! நிதானமா! நடவு நேரத்துல! எலிக்குப் பொறி வைக்கிறவன்தான் வடையை நல்லா நெய்யில சுடுவான். "பஸ்ஸு இருக்குங்க ஐயா"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

ஆஸ்பத்திரியில பெட்டுல சேர்க்க நாள் குறிச்சுக் குடுத்திருந்தாங்க. நான் நடவுல நின்னேன். "நீ வயலைப் பாரு, நான் கூட்டிட்டுப் போறேன்"னு இவரு புள்ளையைத் தூக்கிட்டுப் போனாரு. சாயங்காலம் தூக்கிட்டே திரும்பி வந்தாரு. "பெட்டு காலி இல்லையாம்." அடுத்த தடவை போனப்ப, "டாக்டரு லீவாம்." அதுக்கடுத்து, "மயக்க மருந்து குடுக்கிறவர் வரலையாம்." நாளு ஓடுது. நடவு முடிஞ்சு களையெடுப்பு வந்துச்சு. புள்ளைக்கு இடது பாதம் உள்பக்கமா வளைய ஆரம்பிச்சுருச்சு. நடக்கிறப்ப கட்டை விரல் தரையில இழுபடுது. ராத்திரியில அந்தப் பாதத்தை மடியில வச்சு நேராக்கிப் பார்ப்பேன். விட்டதும் திரும்ப வளைஞ்சுக்கும்.

எனக்கு ஒரே ஒரு ஆள் மேலதான் கண்ணு போச்சு. கார் தர்றேன்னு வந்தாரு, நாம ஏறல, அந்தக் கடுப்புல ஆஸ்பத்திரியில ஆளைப் புடிச்சுத் தடுக்கிறாரு. நேரா அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். அவங்க வீட்டு நெல்லு காயுது, ஆளுங்க கிளறிக்கிட்டு நிக்குறாங்க. "ஐயா, நிலத்துக்குச் சண்டைன்னா நிலத்துல போடுங்க. புள்ளையோட முதுகுல ஏன் போடுறீங்க? உங்க வீட்டுல புள்ளைங்க இல்லையா?"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்கு முதல்ல கோபம், அப்பறம் சிரிப்பு. "என் பேச்சை என் மருமகளே கேக்குறதில்ல. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி கேக்குமா? போயி டாக்டர்கிட்டயே கேளேன்."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. ஆனா கேளேன்னு சொன்னதுல தப்பில்லையே. மறுநாள் வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம, புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுப் பஸ் ஏறினேன். மன்னார்குடி தாண்டினதும் மடியெல்லாம் நனைஞ்சு சீட்டுல ஓடுச்சு. கண்டக்டர், "அறிவில்லையாம்மா, வளர்ந்த புள்ளை"ன்னு கத்துறாரு. பஸ்ஸே திரும்பிப் பார்க்குது. என் மக என் கழுத்துல முகத்தைப் புதைச்சுக்கிட்டு, "நான் வேணும்னு பண்ணலம்மா"ன்னா. "உன்னை யாரும் கேக்கலடி தங்கம்"னு சொல்லி, என் முந்தானையால சீட்டைத் தொடைச்சேன். கண்டக்டரைப் பார்த்த பார்வையில அந்த ஆள் முன்பக்கம் போனவர்தான், இறங்குற வரைக்கும் திரும்பி வரல.

டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்னுட்டாரு. "இப்பத்தான் வர்றீங்களா? பெட்டு வச்சுக்கிட்டுக் காத்துக் கிடந்தோம்."

"பெட்டு இல்ல, டாக்டர் இல்லன்னு நீங்கதான திருப்பி அனுப்பினீங்க?"

அவரு என்னையே பார்த்தாரு. "உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் வந்து வேண்டாம்னு சொல்லிட்டுல்ல போனாரு. முதுகுல முடியை எடுக்காம பண்ண முடியுமான்னு கேட்டாரு. முடியாதுன்னேன். அப்ப கையெழுத்துப் போட மாட்டேன்னு போயிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

ஊர்ல ஒருத்தரை விடாம சந்தேகப்பட்டேன். அடுப்படியைத் தோண்டினேன். ஒரே பாயில படுத்த ஆள் மேல எனக்குச் சந்தேகம் வரல. நான் சந்தேகப்பட்டது தப்பில்ல, ஆளை மாத்திப் பட்டுட்டேன். "நாளைக்கு வந்து படுக்குறோம். கையெழுத்து நான் போடுறேன். தாயி கையெழுத்து செல்லும்ல?"ன்னு கேட்டேன். செல்லும்னாரு.

நான் ஊர் திரும்புறப்ப இவரு வாய்க்கால்ல மாடு குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாரு. கரையிலேயே நின்னு கேட்டேன். "யோவ், டாக்டர் லீவா? மயக்க மருந்து ஆள் வரலையா?"

மாட்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்த வைக்கோல் பிரியைக் கீழ விட்டுட்டாரு. பொய் சொல்லத் தெரியாத ஆளுங்கிறது அப்பத்தான் தெரிஞ்சுது. இத்தனை நாள் எப்படித்தான் சொன்னாரோ. "சுழி போனா நிலம் நிக்காது புள்ள. எங்கப்பன் பண்ணையார் களத்துல கட்டி வச்சு அடி வாங்கினதை நான் கண்ணால பார்த்தவன். இந்த நிலம் இல்லன்னா நான் திரும்ப அந்த வாசல்லதான் போய் நிக்கணும். அவ அங்க கூலிக்கு நடவு நடணும். அதுக்குப் பயந்துதான்…"

"நடவு நடக் கால் வேணுமேய்யா!"ன்னேன்.

அழுதாரு. பார்க்கப் பாவமாத்தான் இருந்துச்சு. அவரோட பயம் பொய்ப் பயம் இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா ஆம்பளை அழுதா இரக்கப்பட்டு விட்டுட்டா, விடிஞ்சதும் புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிட்டா? அப்படியும் சந்தேகம் வந்துச்சு எனக்கு. வீட்டுக்குப் போனேன். அவர் முகம் மழிக்கிற பிளேடை எடுத்தேன். புள்ளையை வாசல்ல குப்புறப் படுக்க வச்சு, சோப்பு நுரையைத் தடவினேன். பின்னாடியே ஈரத் துணியோட ஓடி வந்தவர் படலைத் திறந்துட்டு அப்படியே நின்னுட்டாரு. கத்துனா என் கை ஆடும், ஆடினா கிழிக்கும். அது அவருக்குத் தெரியும்.

"கூசுதும்மா"ன்னு சிரிச்சா என் மக.

"ஆடாதடி"ன்னேன். மழிச்சு முடிச்சுத் துணியால தொடைச்சேன். அந்த இடம் வெள்ளையா, சின்னதா ஒரு குழி விழுந்து இருந்துச்சு. இவ்வளவுதானா, இதுக்கா இவ்வளவுன்னு இருந்துச்சு. "இந்தாய்யா, உன் லட்சுமி போயாச்சு. இனிமே காப்பாத்த ஒண்ணும் இல்ல. புள்ளை மட்டும்தான் மிச்சம்"னேன்.

மறுநாள் டாக்டர் என்னைத் திட்டினதைத் தனியா எழுதணும். "யாரும்மா உங்களை மழிக்கச் சொன்னது? ஒரு கீறல் இருந்திருந்தா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருப்பேன்!" பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாரு. கீறல் இல்ல. எனக்குத்தான் உசுரு போயி உசுரு வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அன்னிக்கு உள்ள கொண்டு போன கொஞ்ச நேரத்துல, வராண்டா கோடியில இவரு வர்றாரு. கால்ல சேறு காயல. நான் ஓடிப்போயி ஆபரேஷன் கதவுக்கு முன்னாடி ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டேன். தடுக்க வந்திருக்காருன்னுதான் நினைச்சேன். அவரு என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாரு. சுவத்துல சாஞ்சு தரையில உக்காந்தாரு.

"வயல்ல யாரு?"ன்னு கேட்டேன்.

"யாருமில்ல."

அந்த டிராக்டர் இறங்கின நாளுக்கப்பறம் முதல் தடவையா வயல்ல யாருமில்ல. அந்த ஒரு வார்த்தை அவருக்கு எவ்வளவு பாரம்னு எனக்குத் தெரியும். அதுக்காக அன்னிக்கே மன்னிச்சுட்டேன்னு நினைச்சுடாதீங்க. பக்கத்துல உக்காந்தேன், அவ்வளவுதான்.

வயலுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஒண்ணும் ஆகல. டிராக்டர் வரல. பண்ணையார் மனசு இளகிட்டாருன்னு சில பேர் சொன்னாங்க. நான் எழுதித் தர மாட்டேன். வரப்பு ஈரம் காயாம இருந்திருக்கும், இல்ல வக்கீல் வேண்டாம்னு சொல்லியிருப்பாரு. கேஸ் அதுக்கப்பறமும் நடந்துச்சு, இப்ப பண்ணையாரும் உசுரோட இல்ல.

ஆபரேஷன் முடிஞ்சு புள்ளையைக் குப்புறவே படுக்க வச்சிருந்தாங்க. தலையைத் தூக்கக்கூடாதுன்னாங்க. ஒண்ணுக்குப் போகக் குழாய் வச்சிருந்துச்சு. "கால் இதுக்கு மேல மோசமாகாது. மத்தது, குழாயை எடுத்தாத்தான் தெரியும்"னாரு டாக்டர். அவரு கண்ணைப் பார்த்தேன். மறைக்கிறாரான்னு பார்த்தேன். மறைக்கல, அவருக்கே தெரியல.

குழாயை எடுத்த அன்னிக்குக் காலையிலேருந்து என் கை அவ அடியில இருந்த விரிப்பைத் தடவிக்கிட்டே இருந்துச்சு. காஞ்சிருக்கு. திரும்பத் தடவுறேன். நனைஞ்சிருக்கு. மாத்துறேன். என் வீட்டுக்காரர் கட்டிலோட கால்மாட்டுல நின்னு ஒண்ணும் கேக்காம என் முகத்தையே பார்க்கிறாரு. மறுநாளும் நனைஞ்சுது. அதுக்கு மறுநாளும். அவ்வளவுதான், நாம வந்தது லேட்டுன்னு நான் மனசுக்குள்ள முடிவு கட்டினேன். அவரை ஏறெடுத்துப் பார்க்கல. பார்த்தா என்ன சொல்லியிருப்பேனோ.

ஒருநாள் மத்தியானம், இட்லியைப் பிட்டு வாயில வைக்கப் போறேன், என் மக வாயை மூடிக்கிட்டா. எதையோ காது குடுத்துக் கேக்குற மாதிரி முகத்தைச் சுளிச்சா.

"அம்மா, ஒண்ணுக்கு வருது."

எனக்குக் கை நின்னுடுச்சு. ஆனா நான் நான்தானே. "பொய் சொல்லாத. யாரு சொல்லச் சொன்னா?"ன்னேன். அவரு பக்கம் திரும்பி, "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா, நான் சந்தோசப்படணும்னு?"ன்னேன். "நம்ம குலசாமி மேல சத்தியமா இல்ல புள்ள"ன்னு தலையில கை வச்சாரு. விரிப்பைத் தடவினேன். காஞ்சிருந்துச்சு.

"சீக்கிரம்மா!"ன்னா.

ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டோம். நடக்கலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. கால் இன்னும் கோணலாத்தான் வைக்கிறா, ஆனா வைக்கிறா. கக்கூஸ் வாசல்ல நான் கூட நுழையப் போனேன். எட்டு வயசு வரைக்கும் நான்தானே எல்லாம் துடைச்சேன். என் மக என் வயித்துல கையை வச்சு வெளியில தள்ளினா. "நீ வெளியில நில்லு. எனக்கு வெக்கமா இருக்கு." கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கிட்டா.

நாங்க ரெண்டு பேரும் கதவுல காதை வச்சுக்கிட்டு நிக்குறோம். போறவங்க வர்றவங்க பார்க்குறாங்க, யாருக்கு என்ன. ஒரு சத்தமும் இல்ல. ஏமாத்திட்டாளா? விழுந்துட்டாளா? அவரு கை என் தோளை இறுக்கிப் புடிச்சிருக்கு. அப்பறம் கேட்டுச்சு. நல்லா, நிறுத்தாம, சலசலன்னு கேட்டுச்சு.

உள்ளேயிருந்து என் மக அதட்டுறா. "அங்கதான நிக்கிற? எனக்குத் தெரியும். தள்ளிப் போ!"

"போயிட்டேன்டி"ன்னு சொல்லிட்டு, அங்கேயே நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.